தாங்குவது வேறு, தணிப்பது வேறு

ஷாக் அப்சார்பருக்கு ‘அதிர்வுதாங்கி’ என்று பெயரிட்டு, ஆங்கிலப் பெயரின் பிழையைத் தமிழிலும் குடியேற்றிவிட்டோம். இதை வெறும் சொல்லாய்வு என்று புறந்தள்ள வேண்டாம். அப்பிழைக்கு நான் பணம் கட்டியிருக்கிறேன்.

பள்ளத்தின் அதிர்வைத் தாங்குவது சுருள்வில். சுருங்கிய வில் மீண்டும் மீண்டும் துள்ளாமல் அடக்குவதே ஷாக் அப்சார்பரின் தொழில். உள்ளிருக்கும் எண்ணெய் சிறு துளைகளின் வழியே நெருக்குண்டு, துள்ளலை வெப்பமாக்கிக் கரைக்கிறது. அது தாங்கியன்று, தணிப்பான்.

முதுகுவலியால் துன்புறும் என் அம்மாவுக்காக, காரோடு வந்த பழுதற்ற நான்கையும் கழற்றினேன். ‘மெத்தைபோல் போகும் சார்’ என்ற பட்டறைக்காரரை நம்பி, வாயு நிரப்பிய விறைப்பானவற்றை மாட்டினேன். வளைவுகளில் வண்டி நிலைகொண்டது, மெய்தான். ஆனால் ஒவ்வொரு சிறு பள்ளமும் அம்மாவின் முதுகில் இடித்தது. பின்னர் ஆராய்ந்தால், டயரில் காற்று மிகுந்திருந்தது. லோயர் ஆர்மின் ரப்பர் புஷ்கள் தேய்ந்திருந்தன. குற்றம் ஓரிடம், தண்டனை வேறிடம்!

நிறுவனங்கள் மலிவானதையே மாட்டுகின்றன என்பர். இருக்கட்டும், வில்லின் விறைப்புக்கும் வண்டியின் எடைக்கும் இசைய அளந்து பொருத்தியவை அவை. விலை கூடியதாலேயே வேறொன்று அந்த இசைவைத் தந்துவிடாது.

எண்ணெய் கசிந்தால், மூலையை அழுத்திவிட்டபின் வண்டி பலமுறை ஆடினால், தயங்காமல் மாற்றுங்கள். தேய்ந்தவற்றோடு ஓட்டினால் பிரேக் பிடித்து நிற்கும் தூரமும் கூடும். அப்போதும் மூலத்துக்கு நிகரானவற்றையே இணையிணையாக மாற்றுங்கள். நலமாக இருப்பதைக் கழற்றியெறிந்து சொகுசு வாங்க இயலாது.

அம்மாவுக்கு இன்று நிம்மதி தந்திருப்பவை அந்தப் பழைய நான்கும், புதிய புஷ்களும், அளவான காற்றுமே.