பெயரை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்

'காந்தி'ன்னா மகாத்மா வீட்டு வாரிசுங்கன்னு நம்புகிறவர்கள் இன்னைக்கும் நம்ம தெருவில் இருக்காங்க. தோழர்களே, அந்தப் பெயர் பெரோஸ் காந்தியிடமிருந்து வந்தது. 1912-இல் பம்பாயில் பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். 1942-இல் நேருவின் மகள் இந்திராவை மணந்தார். பெயரை மட்டும் எடுத்துக்கொண்டு ஆளை மறக்கடித்துவிட்டார்கள்.

1952-இல் ரேபரேலியிலிருந்து நாடாளுமன்றம் போனவர், 1955-இல் டால்மியாவின் இன்சூரன்ஸ் கம்பெனி மோசடியை அவையில் போட்டு உடைத்தார். அடுத்த ஆண்டே ஆயுள் காப்பீடு நாட்டுடைமையானது. 1957 டிசம்பரில் அந்த எல்.ஐ.சி. பணமே சுமார் 1.24 கோடி ரூபாய் முந்த்ரா என்ற வியாபாரியின் கம்பெனிகளுக்குப் போனதைக் கேட்டார். பிரதமர் மாமனார், கேட்கிறவர் மருமகன், அதுவும் ஆளுங்கட்சி உறுப்பினர்! சாக்ளா கமிஷன் பகிரங்கமாக விசாரித்தது. 1958-இல் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். (1962-இல் நேரு அவரைத் திரும்ப மந்திரியாக்கிக்கொண்டார். தன் ஆட்களை அதிகாரம் அவ்வளவு லேசில் கைவிடாது.) பெரோஸ் 1960-லேயே செத்துப்போயிருந்தார், 48-ஐக்கூட எட்டாமல்.

ஆனா நான் சொல்லவந்தது வேறு. அவையில் எம்.பி. என்ன பேசினாலும் வழக்குப் போட முடியாது. அதையே பத்திரிகை அச்சடித்தால் அவதூறு வழக்கு பாயும். அப்புறம் ஜனங்களுக்கு எப்படித் தெரியும்? இதை மாற்ற பெரோஸ் தனிநபர் மசோதா கொண்டுவந்தார், 1956-இல் சட்டமானது. நெருக்கடி நிலையில் மனைவியின் அரசு கைவைத்தவற்றில் அதுவும் ஒன்று. 1975 டிசம்பரில் அவசரச் சட்டம், 1976-இல் ரத்து. 1977-இல் ஜனதா ஆட்சி அதை மீட்டது.

பெரோஸைத் தியாகியாக்க வேண்டாம். கடைசிவரை காங்கிரஸ்காரர்தான். 1959-இல் கேரள அரசைக் கலைத்ததை எதிர்த்தார், இந்திரா கட்சித் தலைவராக இருந்தபோதே. ஆனாலும் கட்சியை விட்டுப் போகவில்லை. அவர் குரல் எடுபட்டதில் 'மருமகன்' என்பதற்கும் பங்கு உண்டு. சேரியிலிருந்து போன எம்.பி. ஒருவர் இதே கேள்வியைக் கேட்டிருந்தால் கமிஷன் வந்திருக்குமா? எனக்குச் சந்தேகம்தான்.

1978-இல் 44-ஆவது திருத்தம் அந்தப் பாதுகாப்பை அரசியல் சட்டத்திலேயே, 361-ஏ பிரிவாக, சேர்த்தது. சட்டமன்ற நடவடிக்கைக்கும் அது பொருந்தும். ஒரு வன்கொடுமையில் எந்த அதிகாரி யாரைக் காப்பாற்றினார் என்று அவையில் ஒருவர் பேர் சொல்லிக் கேட்டால், வன்மம் இல்லாமல், உள்ளபடி, பத்திரிகையில் போடலாம். மாணவத் தோழர்கள் அவைக்குறிப்புகளைத் தேடிப்பிடித்துப் படியுங்கள், எழுதுங்கள்.