பெடல் சொன்னதை யார் கேட்டார்கள்?



சென்ற மழைக்காலத்தில் பக்கத்துத் தோட்டமொன்றில் கொழுந்து லொறி ஒன்று, ஸ்டோருக்கு இறங்கும் வளைவில் நிற்காமல் போய் மண்மேட்டில் மோதியது. பின்னால் ஏறியிருந்த நான்கு பெண்களுக்குக் காயம். ஒருவருக்குக் கை முறிந்தது. அந்த வளைவின் மறுபக்கம் பள்ளம். சாரதி மேட்டுப் பக்கம் திருப்பியபடியால்தான் நால்வரும் உயிரோடு இருக்கிறார்கள். ஆனால் மறுநாள் அந்தச் சாரதிக்கே வேலை இடைநிறுத்தக் கடிதம் வந்தது. காரணம், கவனயீனமாக ஓட்டினாராம்.

விசாரணைக்குச் சங்கத்தின் சார்பில் நானும் போனேன். போகும் வழியில் அந்த அண்ணன் சொன்னார்: "மாஸ்டர், மூணு நாளா பெடல் கீழே போகுதுன்னு சொன்னேன். இன்னைக்கு ஒரு நாள் ஓட்டு, நாளைக்குப் பார்ப்போம்னாங்க." அவர் சொன்னது உண்மை. ஆனால் வாயால்தான் சொன்னார். விசாரணையில் அப்படி யாரும் சொல்லவில்லை என்றார்கள். எங்கள் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. அண்ணனுக்கு வேலை திரும்பக் கிடைத்தது. இழந்த நாள் சம்பளம் கிடைக்கவில்லை.

பிரேக் பெரும்பாலும் திடீரென்று போவதில்லை. அதற்கு முன்பே பெடல் சொல்லத் தொடங்கிவிடும். பாடசாலையில் நான் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கும் பாடம்தான் இது. திரவத்தை அமுக்கிச் சுருக்க முடியாது, காற்றைச் சுருக்கலாம். சிறிய லொறி, வேன், கார் எல்லாவற்றிலும் நாம் பெடலில் கொடுக்கும் அழுத்தத்தைப் பிரேக் ஒயில்தான் சில்லுக்குக் கொண்டு போகிறது.

பெடல் பஞ்சு மாதிரி மெத்தென்று இருந்தால், குழாயில் காற்றுப் புகுந்திருக்கிறது. காற்றை எடுக்க வேண்டும். அது எப்படி உள்ளே வந்தது என்றும் பார்க்க வேண்டும்.

முதல் மிதியில் தாழ்ந்து, இரண்டாம் மிதியில் உயர்ந்து வந்தால், பிரேக் சூ தேய்ந்திருக்கலாம், அல்லது சரிசெய்யாமல் விட்டிருக்கலாம்.

மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெதுவாகக் கீழே இறங்கினால் எங்கோ ஒழுகுகிறது. சில்லின் உட்பக்கம், குழாய் இணைப்புகள், பெடலுக்குப் பின்பக்கம் ஈரமா என்று பாருங்கள். வெளியே ஒழுக்கு இல்லையென்றால், மாஸ்டர் பம்பின் உள் இறப்பர் போயிருக்கலாம். அண்ணன் சொன்னது இந்தக் குறியைத்தான். இந்த வண்டியை ஒரு அடிகூட இறக்கத்தில் விடக்கூடாது.

பெடல் கல் மாதிரி இறுகியிருந்தால் பூஸ்டரில் கோளாறு இருக்கலாம். என்ஜினை நிறுத்திவிட்டு நாலைந்து முறை மிதியுங்கள். பெடல் இறுகியதும் மிதித்தபடியே என்ஜினை இயக்குங்கள். பெடல் சற்றுக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரையோ அதற்குப் போகும் குழாயையோ கராஜில் பார்க்க வேண்டும்.

மிதிக்கும்போது வண்டி ஒரு பக்கம் இழுத்தால், இரு பக்கமும் சமமாகப் பிடிக்கவில்லை.

நம் ஆட்களிடமும் ஒரு பழக்கம் இருக்கிறது. எண்ணெய் மிச்சம் என்று இறக்கத்தில் நியூட்ரலில் விடுவது, சிலர் என்ஜினையே நிறுத்துவது. என்ஜின் நின்றால் பூஸ்டருக்கு உதவி இல்லை. சில மிதிகளில் பெடல் இறுகிவிடும். நியூட்ரலில் விட்டால் முழுச் சுமையும் பிரேக்கின் மேல்தான். சூடு ஏறி, பிடிக்கும் சக்தி குறையும். பிரேக் ஒயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும் தன்மை கொண்டது. புதிய டொட் 3 ஒயில் குறைந்தது 205 பாகை செல்சியஸ் வரை கொதிக்காது. ஈரம் சேர்ந்தால் அது 140 அளவுக்கு இறங்கிவிடும். கொதித்தால் குழாயில் ஆவி, காலுக்குக் கீழே வெறுமை. எந்தக் கியரில் ஏறுகிறோமோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய சாரதிகள் சொல்வது அனுபவத்தில் வந்த பேச்சு.

2023 ஜனவரி 20இல் நானுஓயா றதல்ல குறுக்கு வீதியில் 7 பேர் இறந்ததை நாம் மறக்கவில்லை. செங்குத்தான வீதிகளில்தான் நம் பிள்ளைகள் பாடசாலைக்குப் போகிறார்கள், நம் பெண்கள் கொழுந்து மூட்டையின் மேல் உட்கார்ந்து போகிறார்கள்.

லொறியை நிறுத்தினால் கொழுந்து கெட்டுவிடும் என்று நிர்வாகம் சொல்லும். உண்மைதான், கொழுந்து காத்திருக்காது. அதற்கு வேறு வண்டி பிடிக்கலாம், இரண்டு நடை போகலாம். அதில் வரும் நட்டம் ஒரு நாளோடு போய்விடும். முறிந்த கை அப்படியல்ல.

ஆகவே நான் கேட்பது மூன்று. ஒன்று, ஒவ்வொரு லொறிக்கும் ஒரு குறைப் புத்தகம் வேண்டும். காலையில் பிரட்டு நேரத்தில் சாரதி பெடலைப் பார்த்து எழுத வேண்டும், பொறுப்பான உத்தியோகத்தர் கையொப்பமிட வேண்டும். இரண்டு, பிரேக் குறை எழுதப்பட்ட வண்டி திருத்தும்வரை ஆள் ஏற்றக்கூடாது. ஏற மறுத்தவர்களுக்கு அரைப்பேர் போடக்கூடாது. மூன்று, குறையை எழுதிய சாரதியைப் பழிவாங்கக்கூடாது.

வேலையில் ஏற்படும் காயத்துக்கு 1934ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டத்தின் கீழ் நட்டஈடு கேட்கலாம். காயப்பட்டவர்கள் தலைவரிடம் உடனே சொல்லுங்கள். ஆனால் நட்டஈடு என்பது விபத்துக்குப் பிறகு வருவது. புத்தகம் விபத்துக்கு முன்னால் வருவது.

சங்கத்தையும் சொல்ல வேண்டும். சம்பளப் பேச்சில் நாம் காட்டும் வேகத்தில் பாதியைக்கூட இந்த விடயத்தில் காட்டியதில்லை, என்னையும் சேர்த்துத்தான். அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை முதல் விடயமாக எடுப்போம். அதுவரை நிர்வாகம் புத்தகம் தராவிட்டாலும், சாரதித் தோழர்களே, சாதாரணக் கொப்பி ஒன்றில் திகதி போட்டு எழுதுங்கள். பக்கத்தில் இருப்பவரிடம் சாட்சிக் கையொப்பம் வாங்குங்கள். பாடசாலை வேனுக்குக் காசு கொடுக்கும் பெற்றோரே, நாளைக் காலை சாரதித் தம்பியிடம் கேளுங்கள்: "பெடல் எப்படி இருக்கு?"