லூஸ் காண்டாக்டுக்கு ஏன் கண்ட்ரோலரைத் தண்டிக்க வேண்டும்?

பழைய சைக்கிள் ஒன்று, ஆன்லைனில் வாங்கிய ஹப் மோட்டார் கிட் ஒன்று, ஒரு பேட்டரி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள். இவ்வளவு இருந்தால் வீட்டிலேயே ஒரு மின்சைக்கிள் தயார்! முதல் மாதம் எல்லாம் நன்றாகத்தான் போகும். பிறகு ஒரு நாள் மேம்பாலம் ஏறும்போது, மிதித்துக்கொண்டிருக்கும்போதே மோட்டார் நின்றுவிடும். நாலு மிதி மிதித்தால் மீண்டும் வரும், அடுத்த தெருவில் மறுபடி நிற்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஸ்டாண்டு போட்டுச் சுற்றிப் பார்த்தால், ஒரு குறையும் இல்லாமல் ஓடும்!

வண்டியைக் கட்டியவர் இந்த இடத்தில் பெரும்பாலும் ஒரே முடிவுக்குத்தான் வருகிறார்: "கண்ட்ரோலர் போச்சு." புதுக் கண்ட்ரோலர் வருகிறது, பழையது குப்பைக்குப் போகிறது. பத்து நாள் கழித்து அதே மேம்பாலத்தில் அதே கோளாறு. எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்பார்கள். பெடல் அசிஸ்ட் விஷயத்தில் அம்பை நொந்துகொள்பவர்கள்தான் அதிகம்.

சென்சார் சொல்வது ஒரே ஒரு செய்தி

மிதிக்கும்போது மோட்டார் துணைசெய்யும் சைக்கிளை 1993-ல் ஜப்பானின் யமஹா நிறுவனம் 'பாஸ்' என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதில் மிதிக்கும் விசையை அளக்கும் ஏற்பாடு இருந்தது. இன்று மலிவான கிட்களில் வருவது அதைவிட எளிமையானது. கிராங்கை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் வட்டு, அதில் பெரும்பாலும் 12 காந்தங்கள், எதிரே ஒரு ஹால் சென்சார். காந்தம் கடக்கும்போதெல்லாம் சென்சார் ஒரு துடிப்பை அனுப்பும். நிமிடத்துக்கு 60 சுற்று மிதித்தால் நொடிக்கு 12 துடிப்புகள்.

"மிதி முன்பக்கமாகச் சுற்றுகிறது" என்பதைத் தவிர இந்த சென்சாருக்கு வேறெதுவும் சொல்லத் தெரியாது. துடிப்பு நின்றால், ஓட்டுபவர் மிதிப்பதை நிறுத்திவிட்டார் என்று கண்ட்ரோலர் எடுத்துக்கொள்ளும், மோட்டாரையும் நிறுத்தும். அதாவது வழியில் மோட்டார் நின்றபோது கண்ட்ரோலர் தன் வேலையைச் சரியாகவே செய்திருக்கலாம். அதற்குப் போய்ச் சேர்ந்த செய்திதான் தவறு.

நின்ற அந்த நொடியில் பார்க்க வேண்டியது

விட்டு விட்டு வரும் கோளாறைக் கோளாறு இல்லாத நேரத்தில் தேடுவதால் பயன் இல்லை. மோட்டார் நின்ற உடனே, ஆபத்தில்லாத இடமாகப் பார்த்து, இரண்டே விஷயங்களைக் கவனித்தால் போதும். டிஸ்பிளே எரிகிறதா? த்ராட்டிலைத் திருகினால் மோட்டார் ஓடுகிறதா?

டிஸ்பிளேயும் சேர்ந்து அணைந்தால் சந்தேகம் பேட்டரிப் பக்கம் போக வேண்டும். பேட்டரியின் பெரிய கனெக்டர், ஃபியூஸ், சாவி சுவிட்ச், உள்ளே இருக்கும் பி.எம்.எஸ். எல்லாம் அங்கேதான்.

டிஸ்பிளே எரிகிறது, ஆனால் த்ராட்டிலும் வேலை செய்யவில்லை என்றால், பிரேக் லிவரில் உள்ள கட்-ஆஃப் சுவிட்ச் ஒட்டிக்கொண்டிருக்கலாம், வோல்டேஜ் இறங்கியிருக்கலாம், மோட்டாருக்குப் போகும் ஒயரில் குறை இருக்கலாம். கண்ட்ரோலர் மீதான சந்தேகம் இந்தப் பட்டியலில் கடைசியாகத்தான் வர வேண்டும்.

டிஸ்பிளே எரிகிறது, த்ராட்டிலும் ஓடுகிறது, மிதித்தால் மட்டும் வரவில்லை என்றால் பேட்டரி, மோட்டார், பிரேக் சுவிட்ச் மூன்றும் நிரபராதிகள். அசிஸ்ட் அளவு பூஜ்யத்தில் இல்லை என்பதை உறுதிசெய்துகொண்டு, காந்த வட்டு, சென்சார், அதன் மூன்று ஒயர்கள் என்று தேடலைச் சுருக்கிவிடலாம். செலவே இல்லாத இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆயிரக்கணக்கில் பணம் போடுவது என்ன நியாயம்?

கோளாறே அல்லாத ஒன்றும் உண்டு. 250 வாட்டுக்குக் குறைந்த மோட்டார், மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைந்த வேகம், இவற்றோடு மற்ற நிபந்தனைகளும் பொருந்தினால் மின்சைக்கிளை மோட்டார் வாகனமாக இந்திய விதிகள் கருதுவதில்லை. அதனால் பல கிட்கள் அந்த வேகத்தை ஒட்டித் துணையை நிறுத்திவிடும். இறக்கத்தில் மட்டும் மோட்டார் "கைவிடுகிறது" என்றால் அது கோளாறு அல்ல.

எங்கே, எப்போது?

மேடுபள்ளத்தில் நின்றால் லூஸ் காண்டாக்ட். ஹேண்டில்பாரைத் திருப்பும்போது நின்றால், அந்த வளைவில் ஒயர் உறைக்குள்ளேயே அறுந்திருக்கலாம். மழைக்குப் பின் என்றால் கனெக்டருக்குள் தண்ணீர் அல்லது பச்சை பூத்த பின்கள். ஒவ்வொரு சுற்றிலும் ஒருமுறை தயங்கினால், வட்டில் ஒரு காந்தம் விழுந்திருக்கலாம், அல்லது வட்டு கோணலாகச் சுற்றி சென்சாரைவிட்டு விலகிப் போகலாம். வட்டுக்கும் சென்சாருக்கும் இடையே இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான் இருக்க வேண்டும். பால்ரஸ் தேய்ந்து கிராங்க் ஆடினால் அந்த இடைவெளி மிதிக்கு மிதி மாறும். ஆள் ஏறி மிதித்தால் தெரியும் அந்த ஆட்டம், ஸ்டாண்டில் கையால் சுற்றினால் தெரியாது.

மேட்டில் மட்டும், அதுவும் பேட்டரி பாதி தீர்ந்தபின் மட்டும் நின்றால் அது வோல்டேஜ் இறக்கம். 36 வோல்ட் லித்தியம் பேட்டரியில் 10 செல் வரிசைகள். முழு சார்ஜில் 42 வோல்ட் இருக்கும், 30 வோல்ட்டை நெருங்கினால் கண்ட்ரோலர் நிறுத்திவிடும். சும்மா இருக்கும்போது 36 காட்டும் பழைய பேட்டரி, பாரம் ஏறியதும் சரிந்துவிடும். பாரம் நீங்கினால் திரும்ப ஏறிவிடும். ஸ்டாண்டில் சக்கரம் அந்தரத்தில் சுற்றும்போது பாரமே இல்லை, அங்கே எப்படிக் கோளாறு தெரியும்?

இதற்கு மேல் ஒரு சாதாரண மல்டிமீட்டர் போதும். சென்சாரின் மின் ஒயருக்கும் எர்த்துக்கும் இடையே 5 வோல்ட்டை ஒட்டி வர வேண்டும். கிராங்கை மெதுவாக முன்பக்கம் சுற்றினால் சிக்னல் ஒயரில் அளவு ஏறி ஏறி இறங்க வேண்டும். அப்படியே ஒயரை அங்கங்கே ஆட்டிப் பார்க்க, எந்த இடத்தில் அளவு தடுமாறுகிறதோ அங்கேதான் குற்றவாளி. மீட்டர் முனை வழுக்கி பேட்டரி மின்சாரம் இந்த 5 வோல்ட் பின்னில் பட்டால், இதுவரை நன்றாக இருந்த கண்ட்ரோலர் நிஜமாகவே போய்விடும். கவனம்!

குறுக்கு வழிகளின் விலை

"நேரம் யாருக்கு இருக்கிறது? பாகத்தை மாற்றிப் பார்ப்பதே சுலபம்" என்று சிலர் வாதிடலாம். அதில் ஓரளவு உண்மை உண்டு. சென்சார் விலை குறைவு. தேடல் அந்தப் பக்கம் சுருங்கிய பிறகு அதை மாற்றிப் பார்ப்பது நல்ல சோதனைதான். தேடாமலேயே மாற்றுவது லாட்டரிச் சீட்டு வாங்குவது போல.

காசு போனால் கூடப் பரவாயில்லை. கோளாறைக் கண்டுபிடிக்காமல் மறைத்துவிடுவது அதைவிட ஆபத்து. பிரேக் கட்-ஆஃப் சுவிட்ச் தொல்லை கொடுக்கிறது என்று அதைக் கழற்றி, அப்படியே நிரந்தரமாக விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். சோதனைக்காகச் சில நிமிடம் கழற்றலாம், தவறில்லை. ஆனால் சில கிட்களில் மிதிப்பதை நிறுத்திய பிறகும் மோட்டார் ஒரு கணம் தள்ளும். முன்னால் பேருந்து திடீரென்று நின்றால் அந்த ஒரு கணம் போதாதா? பி.எம்.எஸ். அடிக்கடி வெட்டுகிறது என்று அதைத் தாண்டி ஒயர் இழுப்பது இன்னும் மோசம். லித்தியம் பேட்டரி தீப்பற்றாமல் காக்கும் காவலனை வீட்டைவிட்டுத் துரத்தும் வேலை அது.

கிட் விற்பவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. ஒயர் நிறங்களை விளக்கும் ஒரு தெளிவான படம், தண்ணீர் புகாத கனெக்டர், பாரத்தில் வோல்டேஜ் எவ்வளவு என்று காட்டும் டிஸ்பிளே. இந்த மூன்றும் இருந்தாலே நல்ல பாகங்கள் பல குப்பைக்குப் போகாது.

ஒரு நோட்டுப் புத்தகம்

கட்டியவர் செய்ய வேண்டியது எளிது. எந்த இடம், என்ன வெயில் மழை, பேட்டரியில் எவ்வளவு, டிஸ்பிளே எரிந்ததா, த்ராட்டில் ஓடியதா என்று ஒவ்வொரு முறையும் ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்ற வேண்டும். மூன்றை ஒரேயடியாக மாற்றிக் கோளாறு போய்விட்டால், எது காரணம் என்பது கடைசிவரை தெரியாது. திரும்பி வரும்போது முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

கடையில் வாங்கிய வண்டிக்கு வாரண்டி உண்டு, வீட்டில் கட்டியதற்குக் கிடையாது. ஆனால் அதில் ஒவ்வொரு ஒயரையும் ஓட்டுபவரே கைப்பட இழுத்திருக்கிறார். அந்த அறிவைப் பயன்படுத்தாமல் கண்ட்ரோலருக்குத் தண்டனை கொடுத்துக்கொண்டிருந்தால், சொந்தமாகக் கட்டியதற்கு என்னதான் அர்த்தம்?