குற்றமில்லாத தொழிலுக்கு ஏன் இத்தனை தண்டனை?

டோபி காட் நிலையத்தில் நாள்தோறும் ரயில் மாறும் நம்மில் எத்தனை பேர் அந்தப் பெயரின் பொருளை எண்ணிப் பார்த்திருக்கிறோம்? 'டோபி' என்றால் சலவைத் தொழிலாளி. 'காட்' என்றால் படித்துறை. இந்தியாவிலிருந்து வந்த சலவைத் தொழிலாளர்கள் அங்கிருந்த ஓடையில் ஊரார் துணிகளை வெளுத்தார்கள். ஊரின் அழுக்கை வெளுத்தவர்களைத் தாழ்வாக நடத்தியது நம் சமூகத்தின் பழைய வழக்கம். இன்றோ அத்தொழிலின் பெயரை ஒரு பெரிய நிலையமே தாங்கி நிற்கிறது. நாமும் கூச்சமின்றி உச்சரிக்கிறோம்.

அங்கிருந்து வடகிழக்குப் பாதையில் ஒரே நிறுத்தம், லிட்டில் இந்தியா. தேக்காவைப் பற்றி மணிக்கணக்கில் பேசும் நாம், நடந்து போகும் தூரத்தில் உள்ள டெஸ்கர் சாலையின் பெயர் வந்தால் பேச்சை மாற்றிவிடுகிறோம். பாலியல் தொழிலுக்கு அச்சாலை பெயர்பெற்றது என்பதே காரணம். அங்கு உழைத்த பெண்களின் ஒழுக்கத்தை எடைபோட நான் வரவில்லை. அவர்களுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டா என்பதே என் கேள்வி.

சிங்கப்பூரில் பாலியல் தொழில் குற்றமா? பலர் 'ஆம்' என்பார்கள். உண்மையில், வயதுவந்த ஒருவர் பணத்திற்காகப் பாலுறவு கொள்வது இங்கே குற்றமன்று. ஆனால் அதைச் சூழ்ந்த ஏறக்குறைய அனைத்தும் குற்றம். பொது இடத்தில் வாடிக்கையாளரை அழைப்பது குற்றம். விடுதி நடத்துவது 1961ஆம் ஆண்டின் மாதர் சாசனத்தின்படி குற்றம். இருவர் ஒரே இடத்தைத் தொழிலுக்குப் பயன்படுத்தினாலே அது 'விடுதி' ஆகிவிடும். ஆகவே, தனியே இருக்க அஞ்சி ஒரு தோழியைத் துணைக்கு அழைத்துக்கொள்வதும் ஆபத்து. மற்றொருவரின் இவ்வருமானத்தில் வாழ்வதும் குற்றம். இதற்கிடையே, கேலாங் போன்ற இடங்களில் சில விடுதிகள் காவல்துறைக்குத் தெரிந்தே இயங்க விடப்படுகின்றன. அங்குள்ள பெண்களுக்கு 1976 முதல் மருத்துவக் கண்காணிப்புத் திட்டமும் இருந்துவருகிறது. சட்டம் ஒரு கண்ணை மூடிக்கொள்கிறது, மறுகண்ணால் முறைக்கிறது.

இந்த முறை புதிதன்று. 1870இல் பிரிட்டிஷ் அரசு இங்கே தொற்றுநோய்ச் சட்டம் ஒன்றைக் கொண்டுவந்து விடுதிகளைப் பதிவு செய்தது. பெண்களை மருத்துவச் சோதனைக்கு உட்படுத்தியது. அக்காலத்துச் சீன, ஜப்பானியப் பெண்களின் வாழ்க்கையை வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் வாரன் 1993இல் நூலாக எழுதினார். அவருக்குக் கிடைத்த முக்கியச் சான்றுகள் எவை தெரியுமா? மரண விசாரணைப் பதிவேடுகள்! உயிரோடு இருந்தபோது யாரும் கேட்காத கதை, இறந்த பிறகே ஏட்டில் ஏறியது.

இன்று நிலைமை எவ்வளவு மாறியிருக்கிறது? ஒரு பெண்ணை வாடிக்கையாளர் அடித்துப் பணத்தைப் பறித்துக்கொண்டு ஓடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அவர் செய்தது கொள்ளை. ஆனால் புகார் கொடுக்கப் போகும் பெண் முதலில் தன் தொழிலைச் சொல்ல வேண்டும். அவர் வெளிநாட்டவராக இருந்தால், குடிநுழைவுச் சட்டம் அவரைத் 'தடைசெய்யப்பட்ட குடியேறி' என்கிறது. நியாயம் கேட்கப் போனவர் விமானம் ஏற நேரிடலாம். இது அடித்தவருக்கும் தெரியும். அந்தத் துணிச்சலை அவருக்குக் கொடுத்தது யார்?

இதனால்தான் 'குற்றநீக்கம்' என்ற கோரிக்கை எழுகிறது. அரசு உரிமம் கொடுத்து, பட்டியலிட்டு, ஒதுக்குப்புறத்தில் வைப்பது குற்றநீக்கமாகாது. வயதுவந்தோர் விருப்பத்துடன் செய்யும் இத்தொழிலுக்கான தனித் தண்டனைகளை நீக்கி, மற்றத் தொழிலாளர்களுக்குள்ள சட்டங்களையே இவர்களுக்கும் பொருத்துவதே குற்றநீக்கம். ஆள்கடத்தலும் வற்புறுத்தலும் சிறாரைப் பயன்படுத்துவதும் அப்போதும் கடுங்குற்றங்களே.

நியூசிலாந்து நாடாளுமன்றம் 2003இல் இதைச் செய்தது. ஆதரவு 60, எதிர்ப்பு 59. ஒரே வாக்கு! அதன் பயன் 2014இல் தெரிந்தது. வெலிங்டனில் ஒரு பாலியல் தொழிலாளி, விடுதி நடத்துநர் தமக்குப் பாலியல் தொல்லை கொடுத்ததாக மனித உரிமைத் தீர்ப்பாயத்தில் முறையிட்டு, 25,000 நியூசிலாந்து டாலர் இழப்பீடு பெற்றார். அச்சட்டத்திலும் குறை உண்டு. தற்காலிக விசாவில் வந்தவர்களுக்கு அது பொருந்தாது. வெளிநாட்டுப் பெண்கள் பலர் இத்தொழிலில் உள்ள சிங்கப்பூர் கவனிக்க வேண்டிய குறை இது.

தமிழ்நாட்டிலிருந்தும் ஒரு பாடம் உண்டு. 1986இல் சென்னையில் டாக்டர் சுனிதி சாலமனின் வழிகாட்டுதலில், நம்மைப் போல் பட்டத்திற்காக ஆய்வு செய்த மாணவி செல்லப்பன் நிர்மலா, பாலியல் தொழிலாளர்களிடம் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். இந்தியாவில் எச்ஐவி கிருமி இருப்பது அவற்றின் வழியேதான் முதலில் தெரியவந்தது. நாட்டையே எச்சரித்த அச்செய்தி அப்பெண்களின் இரத்தத்திலிருந்து வந்தது. ஆனால் அடுத்த சில ஆண்டுகளில், கிருமி தொற்றிய பெண்கள் காப்பகத்திலேயே அடைத்து வைக்கப்பட்டார்கள். பத்திரிகையாளர் சியாமளா நடராஜ் சென்னை உயர் நீதிமன்றத்தை நாடிய பிறகு, 1990இல்தான் விடுதலை கிடைத்தது. நோயைத் தடுக்கிறோம் என்று நோயாளியைச் சிறைவைத்தால் அடுத்தவர் சோதனைக்கு வருவாரா? 2022 மே மாதம் இந்திய உச்ச நீதிமன்றம், வயதுவந்து விருப்பத்துடன் தொழில் செய்பவரைக் காவல்துறை கைதுசெய்து துன்புறுத்தக் கூடாது என்று கூறியதற்குப் பின்னால் இப்படிப்பட்ட நீண்ட வரலாறு இருக்கிறது.

"அப்படியானால் ஏமாற்றி அழைத்து வரப்படும் பெண்களின் கதி?" என்று கேட்பீர்கள். கேட்க வேண்டிய கேள்விதான். இத்தொழிலுக்கு வறுமை தள்ளிக்கொண்டு வந்தவர்கள் உண்டு. கடத்தி வரப்பட்டவர்களும் உண்டு. ஆனால் பக்கத்து அறையில் ஒரு சிறுமி அடைக்கப்பட்டிருப்பதை முதலில் அறிபவர் யார்? அங்கு வேலை செய்யும் மற்றொரு பெண்தான். கல்கத்தாவின் சோனாகாச்சியில் 1995இல் உருவான தர்பார் அமைப்பு, தொழிலாளர்களே உறுப்பினராக உள்ள குழுக்களை அமைத்து, சிறுமிகளையும் விருப்பமின்றி வந்தவர்களையும் அடையாளம் காண்கிறது. தாமும் மாட்டிக்கொள்வோம் என்று அஞ்சுபவர் வாய் திறக்கமாட்டார். அச்சம் நீங்கினால், கடத்தலுக்கு எதிரான முதல் சாட்சி அவரே.

நாம் என்ன செய்யலாம்? முதலில் நம் சொற்களைத் திருத்தலாம். 'விபச்சாரி' என்று பெண்ணை இழிவுபடுத்தும் நம் அன்றாடப் பேச்சில், காசு கொடுத்துப் போகும் ஆணுக்கு வசைச்சொல் ஏதும் இருக்கிறதா? தேடிப் பாருங்கள். 'பாலியல் தொழிலாளி' என்ற சொல் யாரையும் புகழவில்லை, தீர்ப்பும் எழுதவில்லை. அடுத்து, 2008 முதல் இவர்களுக்காக இங்கே செயல்பட்டுவரும் 'புராஜெக்ட் எக்ஸ்' போன்ற அமைப்புகள் சொல்வதைக் காதுகொடுத்துக் கேட்கலாம். நம் சொற்போர் மேடைகளில் இத்தலைப்புக்கும் ஒரு நாள் ஒதுக்கலாம்.

குறுந்தொகையின் எட்டாம் பாடலில் பேசுபவள் பரத்தை. தன்னைப் பழித்த தலைவிக்குத் தன் தரப்பைத் துணிந்து சொல்கிறாள். தொகுத்தவர்கள் அவள் குரலை விலக்கவில்லை. அந்த இலக்கியத்தைப் பெருமையோடு கொண்டாடும் நாம், நம் காலத்துப் பெண் தன் தரப்பைச் சொல்ல ஒரு காவல் நிலையப் படியையாவது அச்சமின்றி ஏறட்டும் என்று கேட்கத் தயங்குவது முறையாகுமா? சிந்திப்போம்.