அழைப்பிதழ் அறிவுக்குச் சான்றல்ல

“அவரை வெளிநாட்டிலிருந்தெல்லாம் கூப்பிடுகிறார்கள்” என்று ஒருவர் சொல்லிவிட்டால் போதும், ஒரு பேராசிரியரின் தகுதியைப் பற்றிய பேச்சு நம்மிடையே அத்தோடு முடிந்துவிடுகிறது. அவர் எதை ஆராய்ந்தார், எந்தப் பழைய முடிவைத் திருத்தினார் என்று யாரும் கேட்பதில்லை. மேடையில் அறிமுகம் செய்பவரும் அவர் போய்வந்த நாடுகளைத்தான் வரிசையாகச் சொல்கிறார். அழைப்பு எவ்வளவு தொலைவிலிருந்து வருகிறதோ அவ்வளவு பெரிய அறிஞர் என்ற இந்த நம்பிக்கை தவறு. நம் பல்கலைக்கழகங்களைக் கெடுத்துவரும் தவறும்கூட.

ஊர்ப்பேச்சாக மட்டும் இருந்தால் விட்டுவிடலாம். விதியாகவே எழுதிவைத்தார்கள். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2018ஆம் ஆண்டு ஒழுங்குமுறைகளில் ஆய்வுக்கு மதிப்பெண் தரும் அட்டவணை ஒன்று இருக்கிறது. சிறப்புரையோ கட்டுரை வாசிப்போ வெளிநாட்டில் நடந்தால் 7 மதிப்பெண். உள்நாட்டில் நடக்கும் பன்னாட்டுக் கருத்தரங்கு என்றால் 5, தேசியக் கருத்தரங்கு என்றால் 3, மாநில அல்லது பல்கலைக்கழக அளவில் என்றால் 2. ஒரே கட்டுரையைச் சிங்கப்பூரில் வாசித்தால் 7, சொந்தப் பல்கலைக்கழகத்தில் வாசித்தால் 2! கட்டுரையில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. மதிப்பெண் கிடைத்தது விமானப் பயணத்துக்கு.

தேவை இருக்கும் இடத்தில் சந்தை முளைக்கும். ஐதராபாத்தைச் சேர்ந்த ஓமிக்ஸ் நிறுவனம் உலகெங்கும் மாநாடுகள் நடத்தியது. புகழ்பெற்ற ஆய்வாளர்கள் பங்கேற்பதாக, அவர்களின் சம்மதமே இல்லாமல் அது விளம்பரம் செய்ததாக அமெரிக்க வர்த்தக ஆணையம் 2016இல் வழக்குத் தொடர்ந்தது. 2019இல் நீதிமன்றம் 5 கோடி டாலருக்கு மேல் செலுத்த உத்தரவிட்டது. கட்டணம் கட்டுகிற எவருக்கும் அழைப்பிதழ் அனுப்பும் வியாபாரம் அதன் பிறகும் ஓயவில்லை. நேர்மையான அழைப்புகளிலும் பழக்கம், ஆங்கிலப் பேச்சு, நெறியாளரின் செல்வாக்கு, பயணச் செலவு எல்லாம் கலந்தே இருக்கின்றன.

அழைப்பு வராததால் ஒருவரின் அறிவு குறைந்துவிடுவதும் இல்லை. மருத்துவ ஆய்வாளர் சம்புநாத் டே கல்கத்தாவில் வேலை செய்தவர். காலராக் கிருமி சுரக்கும் நச்சுதான் குடலிலிருந்து நீரை வெளியேற்றுகிறது என்று முயல்களின் குடலில் சோதித்து நிறுவினார். அந்தக் கட்டுரை 1959இல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. நோபல் அறக்கட்டளையின் கருத்தரங்குக்கு அழைப்பு வந்ததோ 1978இல், அவர் ஓய்வுபெற்ற பிறகு. இடைப்பட்ட 19 ஆண்டுகளில் அந்தக் கண்டுபிடிப்பின் மதிப்பு கூடவுமில்லை, குறையவுமில்லை. 1985இல் அவர் இறக்கும்வரை இந்தியாவின் பெரிய அறிவியல் கழகம் எதுவும் அவரை உறுப்பினராக்கவில்லை. உள்நாட்டு அங்கீகாரமும் படித்துப் பார்த்துத் தரப்படுவதில்லை என்பதற்கு இதைவிட வேதனையான சான்று வேண்டுமா?

கல்வெட்டறிஞர் ஐராவதம் மகாதேவனின் நூலை 2003இல் ஹார்வர்டு வெளியிட்டதைப் பெருமையோடு சொல்கிறோம். கரூர் அருகே புகளூர்க் குகைக் கல்வெட்டில் சேர மன்னர்களின் பெயர்களை அவர் அடையாளம் கண்டது 1965இல். பெருமை அந்தப் பாறையில் இருக்கிறது.

வெளிநாட்டுப் பயணமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பாரிஸ் தேசிய நூலகத்தில் தமிழ் ஓலைச்சுவடிகள் இருக்கின்றன. அவற்றைப் படிக்க ஒருவர் போனால் அரசே செலவை ஏற்க வேண்டும். படிக்கப் போவது வேறு, படத்துக்கு நிற்கப் போவது வேறு.

அழைப்பை வைத்து மதிப்பிடும் இந்த அளவுகோலால் நசுக்கப்படுபவர் தமிழில் எழுதும் ஆய்வாளர்தான். ஒரு வட்டாரத்தின் நீர்ப்பாசன வரலாற்றையோ வழக்குச் சொற்களையோ ஆண்டுக்கணக்கில் தொகுப்பவருக்கு வெளிநாட்டு அழைப்பு வருவது அரிது. அவருடைய வாசகர்கள் இங்கேதான் இருக்கிறார்கள். பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பின்தங்கும்போது அந்தத் துறையே பின்தங்குகிறது.

தேர்வுக் குழுக்களில் உட்காரும் பெரியவர்களிடம் ஒன்றைக் கேட்கிறேன். தான் எழுதியவற்றில் சிறந்தவை என்று விண்ணப்பதாரரே கருதும் இரண்டு கட்டுரைகளைக் கேட்டு வாங்குங்கள். முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படியுங்கள். அதற்குப் பிறகு அவரை நேர்காணலுக்கு அழையுங்கள்.