பத்து மாத அட்வான்ஸ்

பெங்களூரில் வீடு பிடித்தவர்களுக்குத் தெரியும்: 10 மாத வாடகையை அட்வான்ஸாகக் கேட்பது அங்கே நெடுநாள் வழக்கம். காலி செய்யும்போது பெயின்ட் அடிக்க என்று ஒரு மாத வாடகையைப் பிடிப்பார்கள். மீதியையும் 'அடுத்த ஆள் வரட்டும்' என்று இழுத்தடிக்கும் வீட்டுக்காரர்கள் உண்டு. வக்கீல் ஃபீஸுக்குப் பயந்தே பலர் விட்டுவிடுகிறார்கள்.

முதல் நோட்டீஸை நீங்களே எழுதலாம். ஒப்பந்தத் தேதி, கொடுத்த தொகை, சாவியை ஒப்படைத்த நாள், 15 நாள் கெடு, இவை போதும். கோபத்தை எழுதாதீர்கள். ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்டில் அனுப்பி நகலை வைத்துக்கொள்ளுங்கள். சாவி கொடுத்ததற்குக் கையெழுத்து வாங்காதவர்கள்தான் பின்னால் திண்டாடுகிறார்கள்.

பதில் இல்லையா? வழக்குப் போடும் முன்பே லோக் அதாலத்துக்கு மனுச் செய்யலாம். 1987-ம் ஆண்டு சட்டம் தந்த வசதி இது. கோர்ட் கட்டணம் கிடையாது. அங்கே ஏற்படும் சமரசம் சிவில் கோர்ட் டிக்ரிக்குச் சமம்; அதன் மீது அப்பீலும் இல்லை. மாநிலச் சட்டப் பணிகள் ஆணையம் சித்தையா சாலையில், நியாய தேகுல கட்டடத்தில் இருக்கிறது. 15100 என்ற எண்ணிலும் விசாரிக்கலாம்.

ஒரே சிக்கல், வீட்டுக்காரர் சம்மதிக்காவிட்டால் லோக் அதாலத் எதையும் திணிக்க முடியாது. பிறகு சிவில் கோர்ட்தான். அங்கும் உங்கள் வழக்கை நீங்களே நடத்தத் தடையில்லை, பொறுமைதான் வேண்டும். காலி செய்து 3 ஆண்டுகள் ஆவதற்குள் வழக்கைப் போட்டுவிடுங்கள்.