வெள்ளாறும் கடைமடையும்

ஐப்பசி கார்த்திகையில் வெள்ளாறு கரைபுரண்டு ஊர்களுக்குள் புகுவதும், பங்குனி சித்திரையில் அதே ஆற்றில் கடல்நீர் ஏறிக் கிணறுகள் உவர்ப்பாவதும் கடலூர் ஜில்லாவின் கரையோர ஜனங்களுக்குப் பழகிப்போன கஷ்டங்கள். முன்னதற்கு நிவாரணம், பின்னதற்கு மனு என்று காலம் கழிந்து வருகிறது. இவ்விரண்டுக்கும் மூலகாரணம் ஒன்றே என்பது நமது அபிப்பிராயம். தலையிலிருந்து கடைவரை இந்நதியை ஒன்றாக வைத்து யோசிப்பவர் எவருமில்லை.

வெள்ளாறு ஓரிடத்தில் பிறந்து தனியே ஓடிவரும் நதியன்று. சேலம் ஜில்லாவில் ஆத்தூர் வழியாக வரும் வசிஷ்ட நதியும், கொல்லிமலைப் பக்கத்திலிருந்து தம்மம்பட்டி வழியாக வரும் சுவேத நதியும் கூடிய பிறகே அதற்கு அப்பெயர் வழங்குகிறது. தொழுதூரில் அதன் நீரில் ஒரு பங்கு வெல்லிங்டன் ஏரிக்குத் திருப்பப்படுகிறது. வடக்கே கல்வராயன் மலையிலிருந்து இறங்கும் மணிமுத்தாறு, கோமுகியையும் சேர்த்துக்கொண்டு விருத்தாசலத்தைக் கடந்து, கூடலையாற்றூரில் வெள்ளாற்றுடன் கலக்கிறது. சுந்தரரின் பதிகம் பெற்ற அவ்வூரின் பெயரே ஒரு பூகோள பாடம்! அதற்குக் கீழே சேத்தியாத்தோப்பு அணைக்கட்டும், பின்னர் புவனகிரியும், முடிவில் பரங்கிப்பேட்டையில் சமுத்திரமும்.

சேத்தியாத்தோப்பில் இன்னொரு நீரும் வந்து சேருகிறது. பத்தாம் நூற்றாண்டில் சோழ இளவரசன் ராஜாதித்தன் வெட்டுவித்ததாகச் சொல்லப்படும் வீராணம் ஏரி வெள்ளாற்றுக்குச் சொந்தமானதன்று. கொள்ளிடத்தின் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வரும் காவேரித் தண்ணீரே அதை நிரப்புகிறது. ஏரி நிரம்பினால் உபரி நீரில் ஒரு பகுதி வெள்ளியங்கால் ஓடையில் போக, மற்றொரு பகுதி சேத்தியாத்தோப்பில் வெள்ளாற்றில் விடப்படுகிறது. ஆகவே கொல்லிமலை மழையும், கல்வராயன் மலை மழையும், காவேரியின் மிச்சமும் ஒரே வாரத்தில் வந்து கூடுமானால், புவனகிரிக்குக் கீழே உள்ளவர்கள் மூன்று நதிகளின் வெள்ளத்தை ஒரே ஆற்றில் சமாளிக்க வேண்டியிருக்கிறது.

முன்னாளில் தென்னாற்காடு ஜில்லா இருந்தபோது, கோமுகி அணையும் மணிமுத்தாறு அணையும் வெள்ளாற்றின் முகத்துவாரமும் கடலூரிலிருந்த ஒரே கலெக்டரின் அதிகாரத்துக்குள் அடங்கியிருந்தன. 1993-இல் விழுப்புரம் தனி ஜில்லாவாயிற்று, 2019-இல் கள்ளக்குறிச்சி. ஜில்லாக்களைப் பிரித்ததை நாம் குறைகூறவில்லை. கச்சேரிக்கு அலைகிற குடியானவனுக்கு அது சௌகரியமே. ஆனால் மதகைத் திறக்கும் இடம் ஒரு கலெக்டரிடமும், வெள்ளம் பாயும் இடம் மற்றொரு கலெக்டரிடமும் இருக்கையில், எச்சரிக்கை நீரைவிட வேகமாகப் பிரயாணம் செய்தாக வேண்டும். தென்பெண்ணையில் நேர்ந்ததை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். 2024 டிசம்பர் 2-ஆம் தேதி திருவண்ணாமலை ஜில்லாவிலுள்ள சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1 லட்சத்து 50 ஆயிரம் கன அடிக்கு மேல் நீர் திறக்கப்பட்டது. கடைசியில் அது வந்து புகுந்தது கடலூர்க் கரையோரங்களில். நீர்வளத் துறையார் விருத்தாசலத்தில் வெள்ளாறு வடிநிலக் கோட்டம் ஒன்றை வைத்திருக்கிறார்கள். நதியை நதியாகப் பார்க்கும் வழக்கம் சர்க்காருக்குத் தெரியாததல்ல என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இனிக் கோடைகாலத்துச் சங்கதி. மேலே தொழுதூரிலும் சேத்தியாத்தோப்பிலும் நீர் பிரிந்துவிட்ட பின், கீழே வருவது சொற்பம். நன்னீர் தள்ளாத இடத்தில் கடல் உள்ளே வருகிறது. நிலத்தடி நீரை உறிஞ்ச உறிஞ்ச உப்பும் பரவுகிறது. புவனகிரிப் பக்கத்தில் ஒரு கதவணை வேண்டுமென்பது ஜனங்களின் நெடுநாள் கோரிக்கை. அது நியாயமானதே. கொள்ளிடத்தில் ஆதனூருக்கும் குமாரமங்கலத்துக்கும் இடையே கதவணை அமைக்க முற்பட்ட சர்க்கார் வெள்ளாற்றை மட்டும் விலக்கி வைப்பானேன்?

எனினும் அவசரப்பட்டு எங்காவது ஓரிடத்தில் சுவர் எழுப்பிவிடுவது விவேகமாகாது. பரங்கிப்பேட்டைக் கழிமுகத்தில் ஆற்று நீரும் கடல் நீரும் கலப்பதை நம்பியே இறாலும் மீன்குஞ்சும் வளர்கின்றன. பிச்சாவரத்துச் சுரபுன்னைக் காடுகளுக்கும் அக்கலப்பு வேண்டும். அதைச் சொல்லித்தர வெளிநாட்டு நிபுணர் வரவேண்டியதில்லை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் நிலையம் பரங்கிப்பேட்டையிலேயே இருக்கிறது. கழிமுகத்துக்கு எவ்வளவு நன்னீர் விடவேண்டும், கதவணை எவ்வளவு மேலே இருக்கவேண்டும் என்பதை அவர்களையும் மீனவர்களையும் கலந்து தீர்மானிக்கவேண்டும். மூன்று நதிகளின் வெள்ளமும் தங்குதடையின்றிப் போகும் அளவுக்குக் கதவுகள் அகலமாயிராவிட்டால், உப்புக்குத் தப்பியவர்கள் வெள்ளத்தில் மாட்டிக்கொள்வார்கள்.

கதவணைக்குப் பணமும் காலமும் வேண்டும். அடுத்த ஐப்பசிக்கு முன் செய்யக்கூடியது ஒன்றுண்டு. 2004 முதல் வீராணத்துத் தண்ணீர் 200 கிலோமீட்டருக்கு அப்பாலுள்ள சென்னைக்குக் குழாய்களில் போகிறது. எவ்வளவு போயிற்று என்று நாள்தோறும் கணக்குச் சொல்லுகிறார்கள். அதே ஏரியிலிருந்து வெள்ளாற்றில் விடும் நீரையும், கோமுகி, மணிமுத்தாறு அணைகளில் திறக்கும் நீரையும் ஒரே அறிக்கையாக மணிக்கு மணி புவனகிரிக்கும் பரங்கிப்பேட்டைக்கும் தெரிவிக்க ஏற்பாடு செய்யட்டும். அதற்குப் புதிய சட்டமோ கோடிக்கணக்கான ரூபாயோ தேவையில்லை.